மேலிருந்து கீழாக, இரண்டு கட்டம்

சிவன்மலை ஆண்டவர் மேல் ஆணை. இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேலம்பாளையத்தில் என்னைப் பற்றி விசாரித்தால், சாயத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிவப்பாகிப் போன முதலையைப் பற்றி நான் சொன்னதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதுவும் உண்மைதான். முதலை இப்போது உயிரோடு இல்லாததால் நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவே. ஆனால் இந்தக் கதைக்குக் கற்பூரத்தை உள்ளங்கையில் ஏற்றிச் சத்தியம் செய்யத் தயார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் தீபாவளி சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு. ஞானசம்பந்தம் கேட்டைத் திறந்தபோது வாசலில் பத்திரிகை கிடந்தது. இரவு முழுக்கப் பெய்த மழையில் பட்டாசுக் காகிதமெல்லாம் ஊறி, வாசல் சிவந்த சேறாகிக் கிடந்தது. அந்தச் சேற்றுக்கு நடுவில் பத்திரிகை மட்டும் ஒரு சொட்டு ஈரம் படாமல், மடிப்புக் கலையாமல் இருந்தது. குனிந்து எடுத்தார். இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து அப்போதுதான் உருவிய துணியைப்போல இளஞ்சூடாக இருந்தது. பேப்பர்காரர் மழைக்கு ஏதோ பாலிதீன் உறை போட்டு வந்து, அதை மட்டும் உருவிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். அப்படிச் செய்கிற பேப்பர்காரர் உலகத்தில் யாரும் இல்லை என்று அவருக்கே தெரியும்.

திருப்பூரில் சத்தமே இல்லாத நாட்கள் வருடத்தில் இந்த ஒன்றிரண்டுதான். போனஸ் வாங்கிய கையோடு தெற்கத்திச் சனங்கள் அத்தனை பேரும் பஸ் ஏறிவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் தெருவுக்குத் தெரு இரைகிற நிட்டிங் மிஷின்களும், கம்ப்ரசரும், மின்சாரம் போன கணத்தில் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர்களும் ஒரே சமயத்தில் வாயடைத்துவிடும். அந்த இரைச்சலிலேயே தலை நரைத்தவருக்கு அது இல்லாதபோது காதுக்குள் ஏதோ ஒன்று கூர்மையாகக் கூவிக்கொண்டே இருக்கும். பட்டாசுப் புகை இன்னும் தரையோடு தரையாகப் படிந்திருந்தது. அதனோடு ஈரப் பஞ்சின் வாசனையும், சாயப்பட்டறைப் பக்கமிருந்து வரும் அழுகின முட்டை வாசனையும் கலந்து வந்தன.

ஞானசம்பந்தம் பரம்பரையாகத் தறி நெய்த குடும்பம். தறி போய் பனியன் வந்ததும் வீட்டு மாடியிலேயே சில தையல் மிஷின்களைப் போட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துவந்தார். மாடிக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. மேலே ஒரு ஷட்டர். தீபாவளிக்கு முந்தின நாளே அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியாயிற்று.

அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வரும் குறுக்கெழுத்து. வாரம் ஒரு கருப்பொருள் வைத்துப் போடுவார்கள்: ஒரு வாரம் பறவை, ஒரு வாரம் மலை, ஒரு வாரம் பழைய காலத்து விளக்கு. அதில் கற்றுக்கொண்டதை எல்லாம் திங்கட்கிழமை காலை மாடியில் ஏறி, தைக்கிற பெண்களுக்கு நடுவில் நின்று எடுத்துவிடுவார். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் மனிதக் கழுத்திலும் ஒரே எண்ணிக்கையில்தான் எலும்பு என்று அவர் ஒருமுறை சொன்னபோது, துணி விளிம்பைப் பூட்டித் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் இருந்த பாண்டியம்மாள் தலை தூக்காமலே சொன்னாள்: "ஒட்டகச்சிவிங்கிக்கு எத்தன எலும்புன்னு மொதலாளிக்குத் தெரியுது. எங்களுக்குக் கழுத்து வலிக்குதுன்னா மட்டும் தெரியமாட்டேங்குது." ஹால் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பாண்டியம்மாள் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. தையலில் கை சுத்தம், பிசிறு இருக்காது. வாயும் அப்படித்தான்.

மத்தியானம் சாய்ந்து, மழை மறுபடி கருக்கட்டிய நேரம். மனைவி சாரதாமணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி ஹாலுக்கு வந்தாள்.

"ஏனுங்க, பையன் இப்பத்தான் கண்ணசந்தான். நானும் சித்ராவும் கோயலுக்குப் போயி ஒரு வெளக்குப் போட்டுட்டு வந்தர்றோங்க. கண்ணு பட்டிருக்குதுன்னு பக்கத்தூட்டுக் காளியாத்தாக்கா சொல்றாங்க. நேத்துத் துணி மாத்துனதுல இருந்தே அழுகறான்."

மகள் சித்ராதேவி தூளியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பேரனுக்கு மூன்று மாதம். "அப்பா, முழிச்சான்னா மெதுவா ஆட்டுங்க. கட்டத்துக்குள்ள தலைய உட்டுட்டு உக்காந்துறாதீங்க."

"உங்கொப்பனுக்கு இடி உழுந்தாலும் கேக்காது கண்ணு. போன தீவாளிக்கு ராக்கெட்டு ஊட்டுக்குள்ள பூந்து பீரோவச் சுத்துது, இவுரு 'மூணெழுத்து, ஆப்பிரிக்காவுல ஓடற ஆறு'ங்கறாரு."

இருவரும் செருப்பு மாட்டினார்கள்.

"சித்ரா."

"என்னங்கப்பா?"

வாய் வரைக்கும் வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

"ஒண்ணுமில்ல கண்ணு. கொடை எடுத்துக்க."

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

தூளி, ஹாலை ஒட்டிய அறையில், உத்தரத்துக் கொக்கியில் தொங்கியது. கதவு திறந்திருந்ததால் நாற்காலியிலிருந்தே தெரிந்தது: சேலைத் துணியின் இடுக்கில் ஒரு சின்னக் கை, அதற்குக் கீழே இளமஞ்சள் பனியன், நெஞ்சில் ஒரு வாத்துப் படம்.

அந்த வாத்தை அவருக்குத் தெரியும்.

ஆடி கழிந்து வந்த ஆர்டர் அது. குழந்தைப் பனியன், இளமஞ்சள், நெஞ்சில் வாத்து. தைத்துக்கொண்டிருந்தபோது பாண்டியம்மாளின் மிஷினில் ஊசி உடைந்தது. ஊசி உடைவது பெரிய விஷயமில்லை. ஆனால் உடைந்த துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி, உள்ளங்கையில் சேர்த்து வைத்து முழு ஊசியாக்கிக் காட்டினால்தான் கம்பெனியிலிருந்து வரும் சோதனைக்காரர் வேலையைத் தொடரவிடுவார். குழந்தைத் துணி என்றால் ஒரு கடுகளவு துண்டுகூட விடக்கூடாது. பாண்டியம்மாள் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தரையெல்லாம் இழுத்தாள். மிஷினுக்கு அடியில் இழுத்தாள். தன் சேலை மடிப்பைக்கூட உதறினாள்.

"முனை கெடைக்கல மொதலாளி. ரெண்டு துண்டுதான். தெச்ச பனியன் கட்ட அவுத்து ஒவ்வொரு உருப்படியாப் பாக்கணும்."

சோதனைக்காரர் படியேறும் சத்தம் கேட்டது. லாரி மறுநாள் கிளம்ப வேண்டும். கட்டை அவிழ்த்தால் லாரி போய்விடும். லாரி போனால் கம்பெனி போய்விடும். ஞானசம்பந்தம் திரும்பி, பழைய ஊசித் துண்டுகளைப் போட்டுவைக்கும் டப்பாவுக்குள் விரலை விட்டு, ஒரு முனையை எடுத்து, மற்ற இரண்டோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சோதனைக்காரர் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

"அது இந்த ஊசி முனை இல்ல," என்றாள் பாண்டியம்மாள். "பச்சப் பிள்ள போடுறது மொதலாளி."

"வாயத் தெச்சுட்டு வேலயப் பாரு கண்ணு."

இரைந்துகூடச் சொல்லவில்லை. அவர் யாரிடமும் இரைந்து பேசியதில்லை. பாண்டியம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து மிஷினை ஓட்டினாள். அதற்கப்புறம் தீபாவளிக்குக் கணக்கு முடித்துப் போகும் வரை அவரிடம் ஒரு சொல் பேசவில்லை.

கம்பெனியில் ஊசி கண்டுபிடிக்கும் மிஷின் உண்டு என்பது இரவில்தான் உறைத்தது. வெளிநாடு போகிற ஒவ்வொரு பனியனும் அதற்குள் புகுந்துதான் வரும். அதனால் அந்தக் கட்டை மட்டும் எண்ணெய்க் கறை பட்டது என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, மிச்சம் மீதித் துணி விற்கிற காதர்பேட்டையில் எடைக்குப் போட்டார். வெளிநாட்டுக் குழந்தை தப்பித்தது. உள்நாட்டுக் குழந்தையைப் பற்றி அன்றைக்கு அவர் நினைக்கவில்லை. கட்டில் எத்தனையோ பனியன், முனை இருந்தால் ஏதோ ஒன்றில், இல்லாமலும் போகலாம்.

நேற்றுக் காலை எண்ணெய்க் குளியல் முடிந்து, சம்பந்தியம்மா பொட்டலத்தைப் பிரித்தபோது ஞானசம்பந்தத்தின் வாயில் அதிரசம் இருந்தது. "எக்ஸ்போர்ட் ஐட்டமுங்க! வெளிநாட்டுக் கொழந்தைக போடறதாமா," என்று அந்த அம்மா தூக்கிக் காட்டினார். வாத்து. அதிரசம் இறங்கவில்லை. மென்றுகொண்டே இருந்தார். சித்ரா பனியனைப் பேரனின் தலைவழியாக மாட்டினாள், கையைப் பிடித்து நுழைத்தாள், இழுத்துவிட்டாள். அவர் மென்றுகொண்டே இருந்தார்.

சொன்னால் என்ன ஆகும்? எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதுதான் ஆகும்.

ராத்திரி முழுக்கப் பேரன் அழுதான். பெண்கள் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், வசம்பு சுட்டுத் தேய்த்தார்கள். வழக்கத்துக்கு மாறாக அப்புச்சி ஞானசம்பந்தமே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சாரதாமணி அதிசயமாகப் பார்த்தாள். நடந்தபடியே அவர் விரல்கள் பனியனின் பக்கத் தையலை இஞ்சு இஞ்சாகத் தடவின. விடிகிற நேரத்தில் கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே கட்டெறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. அதற்கப்புறம் பேரன் கொஞ்சம் அடங்கினான். எறும்பு என்றுதான் நினைத்தார்.

சட்டைப் பையில் அந்தக் காந்தம் இருந்தது. நேற்று எடுத்து வைத்தது. பெண்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்காகக் காத்திருந்தார். இப்போது இல்லை. எழுந்து போக வேண்டியதுதான். தூளி இருப்பது பத்தடியில்.

தூங்குகிற குழந்தையை எழுப்புவானேன், சித்த நேரம் போகட்டும் என்று பத்திரிகையை விரித்தார்.

கட்டங்களுக்கு மேலே போட்டிருந்தது: *இந்த வாரக் கருப்பொருள்: ஊசி.*

சிரிக்கப் பார்த்தார். மாடியில் பனியன் தைக்கிறவனுக்கு ஊசி வராமல் யாருக்கு வரும். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

இடமிருந்து வலம்: *ஆதி மனிதனின் ஊசி இதனால் ஆனது (4).* எலும்பு. எழுதினார். *இசைத்தட்டைப் பாட வைக்க எஃகு ஊசி மட்டுமல்ல, இதில் சீவிய ஊசியும் இருந்தது (4).* எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தால் மூங்கில். அட! மூங்கில் ஊசி பாடுமா? திங்கட்கிழமை மாடியில் சொல்ல வேண்டும் என்று மனசு தன்பாட்டுக்குக் குதித்தது; அந்த நிமிஷம் தூளி மறந்துபோனது. *கை ஊசிக்கு இது தலையில். மிஷின் ஊசிக்கு முனையில். இதை இடம் மாற்றியதால்தான் தையல் மிஷினே பிறந்தது (2).* காது. நூல் கோக்கிற துளை. நாளெல்லாம் கண்ணெதிரே இருந்தும் அவர் யோசித்ததில்லை. மிஷின் ஊசியின் முனையில்தான் காது. அப்படியானால் காணாமல் போன துண்டில்தான் காது இருக்கிறது. நூல் கோக்க வாகாக.

வெளியே மழை பிடித்தது. மின்விசிறி மெதுவாகி, முனகி, நின்றது. மின்சாரம் போய்விட்டது. ஹால் சாம்பல் நிறமானது. எதிரே பீரோக் கண்ணாடியில் அவர் உருவம் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

அடுத்தது. *ஓவர்லாக்கில் உடைந்தது மூன்றாக. கிடைத்தது (4).*

இரண்டு என்று எழுதிவிட்டார்.

எழுதிய பிறகுதான் படித்தார். மறுபடி படித்தார். மழைச் சத்தம் எங்கோ தள்ளிப் போனது போலிருந்தது. ஏதோ பொதுவான கேள்வி. ஊசி என்றால் உடையத்தானே செய்யும். யாரோ தையல் தெரிந்த ஆள் போட்டிருப்பார்.

*மூன்றாவதாகக் காட்டியது இருந்த இடம் (3).*

டப்பா.

அவர் எழுதவில்லை. சத்தியமாக எழுதவில்லை என்றே அவர் நினைத்தார். ஆனால் கட்டங்களில் அவர் கையெழுத்தில், அவர் பேனா மையில், ட, ப், பா என்று இருந்தது. மை இன்னும் காயவில்லை.

தலைக்கு மேலே, மாடியில், டர்ர்ர் என்று ஒரு சத்தம். நின்றது.

இந்த ஊரில் அந்தச் சத்தத்தைத் தெரியாதவர் இல்லை. ஓவர்லாக் மிஷின், பெடலை ஒரு மிதி மிதித்து விட்டால் எழும் சத்தம். தையலுக்கு முன் மிஷின்காரிகள் அப்படித்தான் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு குரல். இது ஜன்னலோரத்து மிஷின், பாண்டியம்மாளுடையது. முடிக்கும்போது ஒரு இருமல் இருமும்.

இருமியது.

இடுப்பைத் தடவிப் பார்த்தார். சாவி இருந்தது. மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. மாடியில் ஆள் இல்லை. எழுந்து போய்ப் படிக்கட்டைப் பார்க்கலாம். எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். கட்டத்துக்குள் தலையை விட்டுக்கொண்டால் இடி விழுந்தாலும் கேட்காது என்றுதானே சொன்னார்கள்.

*வெளிநாடு போகாத கட்டு போன இடம் (6).* நிரம்பியிருந்தது.

*வாசல் தாண்டுமுன் சொல்லியிருக்க வேண்டிய ஆள் (5).* நிரம்பியிருந்தது. சி, த், ரா, தே, வி.

*நெஞ்சில் உள்ள படம் (3).* அவர் பார்க்கும்போதே, காகிதத்துக்கு அடியிலிருந்து ஊறி வருவதுபோல, முதல் கட்டத்தில் வா வந்தது. பிறகு த். பிறகு து.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்குக்கூடப் பேரன் அசையவில்லை.

அசையவில்லை.

பத்தடி. தூளியின் சேலையை விலக்கினார். குழந்தை வாய் திறந்து கிடந்தது. குனிந்தார். மூச்சுச் சூடு கன்னத்தில் பட்டது. பால் வாசனை. இருக்கிறான். இருக்கிறான்.

பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். நூலைப் பிடித்து, பனியனுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் தொங்கவிட்டார். காந்தம் ஆடி அடங்கும் வரை பொறுத்தார். மூச்சைப் பிடித்தார். வாத்தின் மேல்: ஒன்றுமில்லை. இடப்பக்கத் தையல்: ஒன்றுமில்லை. வலப்பக்கத் தையல். கீழிருந்து மேலே கொண்டுபோனார். அக்குளுக்குக் கீழே துணியில் ஒரு புள்ளி. தையலுக்கு நடுவே கடுகளவு துளை, சுற்றிலும் துருக் கறை. இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார்.

வெறும் துளை. உள்ளே இருந்தது வெளியே போயிருந்தது.

எங்கே?

ஊரில் எல்லோரும் சொல்வது அவருக்கும் தெரியும். தைக்கிற பெண்கள் சொல்லிச் சொல்லிப் பயப்படுவார்கள். உடம்பில் ஏறிய ஊசி ஒரு இடத்தில் நிற்காது. ஓடும். ரத்தத்தோடு ஓடி நெஞ்சுக்குப் போகும்.

பனியனைத் தூக்கிவிட்டு வெறும் உடம்பின் மேல் காந்தத்தைத் தொங்கவிட்டார். சின்ன வயிறு ஏறி இறங்கியது. முருகா. வயிறு. விலா. நெஞ்சு. முருகா, முருகா. அக்குள். கழுத்து. காந்தம் சாயவில்லை. திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்தார். சாயவில்லை. தோலில் ஒரு கீறல் இல்லை. பனியனை உருவி எறிந்தார். பேரன் கண் விழித்து, அவரைப் பார்த்து, பொக்கை வாயால் சிரித்தான்.

அவருக்கு அழுகை வந்தது. தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பது இரண்டாவதாகத் தோன்றியது. இரண்டாவதுதான் முதலாவதைவிட இனிப்பாக இருந்தது.

காந்தத்தைப் பைக்குள் போடத் தூக்கினார்.

நூல் நேராகத் தொங்கவில்லை.

சாய்ந்து நின்றது. அவரைப் பார்த்து. கையை இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கமாகச் சாய்ந்தது. வலப்பக்கம் நகர்த்தினார், இடப்பக்கமாக. கையைத் தூர நீட்டினார். காந்தம் நூலை இழுத்துக்கொண்டு, தரைக்குப் படுக்கையாக, அவர் கழுத்தை நோக்கி நின்றது.

சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே, எறும்பு கடித்த இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியிலிருந்து ஒரு பிசிறு நூல் எட்டிப் பார்த்தது. இளமஞ்சள்.

பிசிறைப் பார்த்தால் இழுக்கக் கூடாது, வெட்ட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லித் தருகிற முதல் பாடம்.

இழுத்தார்.

வலிக்கவில்லை. வந்தது. நூல் கோனிலிருந்து வருவதுபோல வழுவழுவென்று வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். கையில் சுற்றினார். இன்னும் வந்தது. பிறகு நுனி அவர் கையிலிருந்து நழுவியது. தரையில் விழவில்லை. காற்றில் நீண்டு, ஹாலைக் கடந்து, ஜன்னல் கம்பிக்கு நடுவே போனது. மழைக்குள் போனது. படிக்கட்டுப் பக்கமாக, மேலே.

நூல் இறுகியது.

மாடியில் மிஷின் ஓடத் தொடங்கியது.

இந்த முறை நிற்கவில்லை. ஒரே சீரான ஓட்டம். கை சுத்தமானவள் ஓட்டுகிற ஓட்டம். ஒவ்வொரு தையலுக்கும் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று நகர்ந்தது. கடுகளவு. கூராக. நகர்ந்தது.

நெஞ்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். இங்கேதான் வரும். இங்கேதான் வரவேண்டும். தள்ளாடிப்போய் பத்திரிகையைப் பார்த்தார். எல்லாம் நிரம்பியிருந்தது. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. மேலிருந்து கீழ்.

*உடம்பில் ஏறிய ஊசி கடைசியில் போய்ச் சேரும் இடம் (2).*

இதயம். நான்கு எழுத்து. எண்ணினார். இ, த, ய, ம். நான்கு. கட்டம் இரண்டுதான். நெஞ்சு என்றாலும் மூன்று. மறுபடி எண்ணினார். இரண்டே கட்டம். முதல் கட்டம் வாத்தோடு சேர்ந்தது. அதில் ஏற்கெனவே எழுத்து இருந்தது.

வா.

அது நெஞ்சுக்குப் போகவில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்தது. கழுத்து. தாடை.

கேட் திறக்கும் சத்தம். பெண்களின் பேச்சு. குடையை உதறும் சத்தம்.

சொல்லிவிடலாம். இப்போதே. டப்பா, கட்டு, காதர்பேட்டை, எல்லாம். கேட்டால் கேட்கட்டும். சித்ரா என்று கூப்பிட்டால் போதும். மற்றது தானாக வரும். நிஜமாகவே சொல்ல நினைத்தார். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு ஆசையாகச் சொல்ல நினைத்ததில்லை.

மிஷின் வேகமெடுத்தது.

இருமியது.

நின்றது.

மின்சாரம் வந்தது. டியூப்லைட் இரண்டு தரம் துடித்துப் பிடித்தது. சித்ரா ஈரக் காலோடு உள்ளே ஓடி, தூளியிலிருந்து மகனைத் தூக்கினாள். "அட, என்ற சாமி சிரிக்கறானே! ஏனுங்கப்பா பனியனக் கழட்டிப் போட்டிருக்கீங்க? அழுதானுங்களா?"

அவர் அவளுக்கு முதுகு காட்டி, பீரோக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்.

"அப்பா?"

சாரதாமணி வாசலிலிருந்தே, "கட்டத்துக்குள்ள போயிட்டாருன்னா அப்படித்தான்," என்றாள்.

"அப்பா, உங்களத்தானுங்க. ஏதாச்சும் பேசுங்க."

கண்ணாடியில், வெளிச்சத்தில், மேலுதடும் கீழுதடும் ஒரே தையலாக இருந்தன. இளமஞ்சள் நூல். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓவர்லாக், ஒரே அளவு, ஒரே இறுக்கம். பிசிறு ஒன்றுகூட இல்லை.

அவர் மெல்லத் திரும்பினார்.

தீபாவளியன்று அச்சகத்துக்கு விடுமுறை. மறுநாள் எங்கள் ஊருக்கு எந்த வருடமும் பத்திரிகை வந்ததில்லை.